கீழே பார்த்த குருவிகள்

சின்னப் பிள்ளைகளுக்கு வீட்டில் என்ன கைவேலை செய்விக்கலாம் என்று என்னிடம் கேட்டால், மூச்சு விடாமல் இருபது சொல்வேன். வெண்டிக்காயைக் குறுக்கே வெட்டி, மஞ்சள் கரைத்த தண்ணீரில் தோய்த்துக் கடதாசியில் குத்தினால் பூ விழும். பலா இலையைக் கடதாசிக்கு அடியில் வைத்து, மேலே பென்சிலைச் சரித்துத் தேய்த்தால் இலையின் நரம்பெல்லாம் எழும்பி வரும். முட்டைக்கோதைக் கழுவிக் காயவைத்து நொறுக்கி, சோற்றுப் பசையில் ஒட்டினால் கோழிக்குஞ்சு. இரண்டு யோகட் கப்பை நூலில் கோத்தால் டெலிபோன். பிள்ளையின் கையும் பெரியவர்களின் பொறுமையும் இருந்தால் போதும், கடைக்குப் போகத் தேவையில்லை. இவ்வளவும் சொல்வேன். தென்னங்குருத்தோலையில் என்ன செய்யலாம் என்று கேட்டால் மட்டும், அடுப்பில் பால் வைத்த ஞாபகம் வந்தவள் போல எழுந்து உள்ளே போய்விடுவேன்.

ஏன் போகிறேன் என்பதை இங்கே எழுதுகிறேன். எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. எழுதாமல் இருந்தும் பார்த்துவிட்டேன், அது இதைவிட மோசம்.

எங்கள் ஊர் களுவாஞ்சிக்குடிக்குக் கிட்ட, கடலுக்கும் வாவிக்கும் நடுவில் கிடக்கும் ஒரு மணல் துண்டு. பெரிய றோட்டுக்குக் கிழக்கே, கடற்கரைப் பக்கம் இருந்தவர்களின் வீடுகளைச் சுனாமி வழித்துக்கொண்டு போனது. மேற்கே, வாவிப் பக்கம் இருந்த எங்கள் முற்றம் வரைக்கும் வந்து, ஒற்றைச் செருப்பையும் யாரோ வீட்டுக் கதிரையையும் போட்டுவிட்டுத் திரும்பியது. நான் அப்போது ஊர் முன்பள்ளியில் டீச்சர். ஆறு மாதப் பயிற்சி, அறுபது வயதுக்காரியின் தலைக்கனம். முன்பள்ளிக் கட்டடம் அத்திவாரத்தோடு போய்விட்டது. பிள்ளைகளில் ஏழு பேர் போய்விட்டார்கள். அந்த ஏழு பேரைப் பற்றி நான் எழுதப் போவதில்லை, எனக்கு முடியாது.

மிச்சமிருந்த பிள்ளைகள் முகாமிலும் உறவினர் வீடுகளிலுமாக இருந்தார்கள். அவர்களைச் சும்மா விட்டால் நாள் முழுக்கப் பெரியவர்களின் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று ஒரு தாய் வந்து சொன்னாள். அதனால் எங்கள் வீட்டு விறாந்தையில் பாயைப் போட்டுப் பின்நேரங்களில் கூப்பிடத் தொடங்கினேன். பதினாலு பேர் வந்தார்கள்.

உதவிக்கு வந்திருந்த ஒரு நிறுவனத்தார் எனக்கு ஒரு கைநூல் தந்தார்கள். வீட்டில் உள்ள பொருட்களைக் கொண்டு பிள்ளைகளுக்கு இலகுவான கைவேலை என்று அட்டையில் போட்டிருந்தது. யாருடைய வீட்டில்? உள்ளே வெல்வெட் துணி, மினுக்கத்தூள், பொம்மைக்கு ஒட்டும் பிளாஸ்ரிக் கண். வீடே இல்லாத பிள்ளைகளுக்கு வீட்டில் உள்ள பொருட்கள்! எழுதிய மனிதரைக் கூட்டிவந்து எங்கள் முகாம் கூடாரத்துக்குள் வெல்வெட் துணி தேடச் சொல்ல வேண்டும் போல எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புத்தகத்தைத் தூக்கி அலுமாரிக்கு மேலே போட்டேன். நிவாரணப் பொதி வந்த அட்டைப் பெட்டியை வெட்டினோம். தின்று அலுத்துப்போன நிவாரணப் பருப்பை ஒட்டிச் சூரியன் செய்தோம். உடுப்புக்குப் போடும் நீலத்தைக் கரைத்து வர்ணம் ஆக்கினோம். ஒருநாள் யோசிக்காமல் கடதாசிக் கப்பல் மடித்துக் காட்டிவிட்டேன். பதினாலு பேரில் ஒருவரும் கையில் வாங்கவில்லை. அதற்குப் பிறகு கப்பல் பக்கம் போகவில்லை.

இந்தப் பதினாலு பேரில் ஒருத்தி. அப்போது ஐந்து முடிந்து ஆறு நடந்துகொண்டிருந்தது. தகப்பன் அவள் நடை பழகும் காலத்தில், தம்பி வயிற்றில் இருக்கும்போதே, ஒரு ஆமிச் சுற்றிவளைப்பில் கூட்டிப் போகப்பட்டவர், திரும்பி வரவில்லை. தாயையும் தம்பியையும் கடல் கொண்டுபோனது. அவளைத் தாழம்பற்றைக்குள் இருந்து அடுத்த நாள் எடுத்தார்கள். தாயின் தங்கை, அவளுடைய சின்னம்மா, எங்கள் ஒழுங்கையில்தான் இருந்தாள். அங்கேதான் பிள்ளை வளர்ந்தது.

அவளுக்கு இருந்த கை வேறு ஒரு பிள்ளைக்கும் இருக்கவில்லை. நான் ஒரு தரம் காட்டினால் போதும், தலையைச் சரித்துப் பார்த்துவிட்டு என்னைவிட நேர்த்தியாகச் செய்துவிடுவாள். மற்றப் பிள்ளைகள் பசையில் விழுந்தெழும்பி நிற்க, அவள் பருப்பை ஒவ்வொன்றாக, மேடு மேட்டோடு, பள்ளம் பள்ளத்தோடு அடுக்கிக்கொண்டிருப்பாள். அதிகம் கதைக்க மாட்டாள். கை வேலை செய்யும்போது மட்டும் வாய்க்குள் எதையோ பாடுவாள். "இவளைப் பாத்துச் செய்யுங்க" என்று மற்றப் பிள்ளைகளுக்குச் சொல்வது எனக்கு வழக்கமாகிவிட்டது.

சுனாமி வந்து ஒரு வருடம் ஆவதற்குள் புதிய முன்பள்ளிக் கட்டடம் எழும்பியது. திறப்பு விழாவுக்கு நிறுவனத்தார் கொழும்பிலிருந்து வருகிறார்கள், வெளிநாட்டுக்காரரும் வருகிறார்கள். அலங்காரமெல்லாம் பிள்ளைகளின் கைவேலையாக இருந்தால் நல்லது என்று சொல்லியனுப்பினார்கள். தலைமை டீச்சராக யாரைப் போடுவது என்பதையும் அன்றைக்குப் பார்த்து முடிவு செய்வார்கள் என்று கேள்விப்பட்டேன். எனக்கும் இன்னொரு டீச்சருக்கும் இடையில் போட்டி. அவள் என்னைவிடப் படித்தவள். எனக்கு அந்த இடம் வேண்டும் என்று இருந்தது. ஆசை என்று மரியாதையாகச் சொல்லலாம், வெறி என்பதுதான் சரி.

விழாவுக்கு நாலு நாள் இருக்கும்போது ஊர்ப் பெடியன்கள் இரண்டு பேர் வந்தார்கள். எங்கள் பக்கத்தில் குருத்தோலைத் தோரணம் பின்னிக் கட்டுவது ஆண்களின் வேலை. கலியாணமோ, கோயில் சடங்கோ, செத்தவீடோ, பெண்கள் சமையலைப் பார்ப்பார்கள், ஆண்கள் தோரணத்தைப் பார்ப்பார்கள்.

"டீச்சர், தோரணத்த நாங்க கட்டித் தாறம். நீங்க கஷ்டப்படாதீங்க."

"தேவையில்ல தம்பி. என்ட பிள்ளைகள் செய்வாங்க."

"உங்களுக்குப் பின்னத் தெரியுமா டீச்சர்?"

"தெரியாமலா சொல்றன்?"

தெரியாது. அதுதான் உண்மை. ஆனால் தெரியுமா என்று கேட்ட விதம் எனக்குச் சுட்டது. அவர்கள் போனதும், யாரிடம் கேட்பது என்று யோசித்தேன். கேட்டால் விஷயம் பெடியன்களின் காதுக்குப் போகும். அதனால் ஒருவரையும் கேட்கவில்லை. சுடலைக்குப் போகும் ஒழுங்கையில் எப்போதும் தோரணம் தொங்கும். அந்த வருடம் அப்படித்தான். கடல் கொண்டுபோனவர்களுக்கு முறையான செத்தவீடு கிடைக்கவில்லை, குழியில் போட்டு மூடினார்கள். ஆனால் தப்பியிருந்த வயதானவர்கள் பிள்ளைகளை நினைத்து நினைத்து ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள், அவர்களுக்கு முறையாகத் தோரணம் கட்டினார்கள். பச்சை வாடி மஞ்சளாக முன்பே அடுத்தது கட்டப்பட்டது. நான் போய் அதில் ஒன்றை இழுத்து அறுத்துச் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டு வந்து, அறைக் கதவைச் சாத்திவிட்டுப் பிரித்துப் பார்த்துப் பழகினேன்.

நல்ல காரியத்துக்கும் துக்கத்துக்கும் தோரணத்தில் வித்தியாசம் உண்டு என்று எங்கேயோ காதில் விழுந்திருந்தது. என்ன வித்தியாசம் என்று கேட்டு வைக்கவில்லை. தோரணம் தோரணம்தானே என்று நினைத்தேன். என் கண்ணுக்கு அந்த வருடம் வேறு தோரணம் படவும் இல்லை.

குருத்தோலையைக் கீறி, நுனியை மடித்து மடித்துச் செருகினால் ஓலையின் நடுவே சின்ன வடிவம் ஒன்று பிதுங்கி நிற்கும். அதைக் குருவி என்போம். சின்ன விரல்களுக்குச் சுகமான வேலை. முதல் நாளே எட்டுப் பேருக்குப் பிடிபட்டது. அவள்தான் முதலில் முடித்தாள். முடித்துத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"டீச்சர், குருவி ஏன் கீழ பாக்குது?"

"இரை பொறுக்குது மனே" என்றேன்.

பிள்ளைகள் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு என் கெட்டித்தனத்தில் பெருமையாக இருந்தது. கேள்வி கேட்ட பிள்ளைக்கு ஐந்து வயது. அவள் கண்ணுக்குப் பட்டது எனக்குப் படவில்லை.

விழா நாள் காலையில் நிறைகுடம் வைத்து, குத்துவிளக்கு வைத்து, வாசலில் இருந்து றோட்டு வரைக்கும் கயிறு இழுத்துத் தோரணத்தைக் கட்டினோம். அறுபதோ எழுபதோ இருக்கும். ஊர்ச் சனம் முழுக்க வந்திருந்தது. பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மாரும் வந்திருந்தார்கள், புதிய கட்டடத்தைப் பார்க்க வேண்டும் என்று. கோயில் நிருவாகத்தைப் பார்க்கும் வண்ணக்கர், விளக்கேற்ற அழைக்கப்பட்டிருந்தவர், வெள்ளை வேட்டியோடு றோட்டில் இருந்து வந்தார். முதலாவது தோரணத்தின் கீழே வந்ததும் நின்றார். அண்ணாந்து பார்த்தார். அடுத்ததைப் பார்த்தார்.

"இத ஆர் கட்டின?"

கேட்டுவிட்டு மூன்றாவதையும் பார்த்தார்.

"நல்ல காரியத்துக்குக் குருவி மேல பாக்கோணும். கீழ பாத்தாச் செத்தவீடு. இது பிள்ளைகள்ற பள்ளிக்கூடமா, சுடலையா?"

அப்போதுதான் சனம் அண்ணாந்து பார்த்தது. அத்தனை குருவியும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தன. இரண்டு பிள்ளைகளைக் கடலுக்குக் கொடுத்த ஒரு தாய் அப்படியே மணலில் குந்திவிட்டாள். அவள் வாயில் இருந்து ஒரு சத்தம் வந்தது. அது மற்றவர்களுக்குப் பற்றிக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் முற்றம் முழுக்க ஒப்பாரி. ஏழு பிள்ளைகளுக்கும் அன்றைக்குத்தான் செத்தவீடு நடந்தது போல இருந்தது.

பெடியன்கள் என்னைப் பார்த்தார்கள். மற்ற டீச்சர் என்னைப் பார்த்தாள். வண்ணக்கர் கேட்டார்.

"டீச்சர், நீங்கதானே சொல்லிக் குடுத்த?"

என் நாக்கு என்னைக் கேட்காமலே பேசியது என்று எழுத ஆசை. அது பொய். எனக்கு யோசிக்க நேரம் இருந்தது. கூட்டத்தைப் பார்த்தேன். பக்கத்தில் அவள், கட்ட இடமில்லாமல் மிஞ்சிய கடைசித் தோரணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். சின்னப் பிள்ளை என்றால் ஒருவரும் கோபிக்க மாட்டார்கள், தெரியாமல் செய்தது என்று விட்டுவிடுவார்கள் என்று கணக்குப் போட்டேன். போட்டுவிட்டுத்தான் கையை நீட்டினேன்.

"நான் சரியாத்தான் காட்டினன். இவள்தான் கிறுக்கிப் போட்டுட்டாள். மற்றதுகள் இவளப் பாத்துச் செஞ்சிட்டுதுகள்."

கிறுக்குவது என்றால் எங்கள் பேச்சில் திருப்புவது. ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம். நான் மேடையைக்கூடச் சொல்லவில்லை, ஐந்து வயதுப் பிள்ளையைச் சொன்னேன்.

அவள் என்னை அண்ணாந்து பார்த்தாள். இல்லை என்று சொல்லவில்லை. அழவும் இல்லை. கையில் இருந்த தோரணத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். டீச்சர் சொன்னால் அது சரியாகத்தான் இருக்கும், தான்தான் எங்கேயோ பிழைவிட்டிருக்கிறோம் என்று அந்தப் பிள்ளை தேடியது. அந்தப் பார்வையை நான் கண்டேன். கண்டும் பேசாமல் இருந்தேன்.

பெடியன்கள் ஐந்து நிமிடத்தில் தோரணத்தை எல்லாம் அறுத்து வேலிக்குப் பின்னால் எறிந்தார்கள். கொழும்பு வாகனம் வந்தது. விருந்தாளிகள் எங்கள் வெண்டிக்காய்ப் பூக்களைப் படம் எடுத்தார்கள். வெளிநாட்டுப் பெண் ஒருத்தி பருப்புச் சூரியனைத் தடவிப் பார்த்து என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். தலைமை டீச்சர் நான்தான் என்று அடுத்த கிழமை கடிதம் வந்தது.

கோபிக்க மாட்டார்கள் என்று நான் நினைத்தது சரி, ஒருவரும் கோபிக்கவில்லை. அதைவிட வேறொன்று செய்தார்கள். விழா முடிந்து போகும்போது ஒரு பெண் பக்கத்தில் வந்தவளிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

"தாயையும் தம்பியையும் குடுத்திட்டு வந்த கையல்லோ அது. வேற என்னத்தப் பின்னும்?"

பொல்லாதவள் இல்லை அவள். சோறு இல்லாத வீட்டுக்குச் சோறு கொண்டு போகிறவள்தான். ஆனால் அந்த வருடம் எல்லோருக்கும் ஏன் என்று ஒரு கேள்வி இருந்தது, பதில் இருக்கவில்லை. ஒரு துண்டுப் பதிலை நான் நீட்டினேன், வாங்கிக்கொண்டார்கள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. அவள் கை ராசி இல்லாதது என்று மெல்ல மெல்ல ஆகிவிட்டது. பொங்கல் பானைக்கு எல்லாப் பிள்ளைகளும் ஒரு பிடி அரிசி போட, அவளைத் தேங்காய்ப்பூ எடுத்துவர உள்ளே அனுப்பினார்கள். அயல் வீட்டுக்காரர் வயல் வட்டையில் முதல் விதைப்புக்குப் போகும் காலையில், அவள் ஒழுங்கையில் நின்றால் சின்னம்மா பேர் சொல்லிக் கூப்பிட்டு உள்ளே எடுப்பாள். ஒருவரும் அவளை ஏசவில்லை, அடிக்கவில்லை. எல்லாம் அன்பாகவே நடந்தது.

அவள் முன்பள்ளிக்கு ஒழுங்காக வந்தாள். எழுத்து, பாட்டு எல்லாம் படித்தாள். கைவேலை நேரத்தில் மட்டும் விரல் நோகுது டீச்சர் என்பாள். நான் சரி மனே, இரு என்பேன். நோகவில்லை என்று எனக்குத் தெரியும். அவள் பாடுவதும் நின்றுபோனது. அப்போது சொல்லியிருக்கலாம். பிழை என்னுடையது என்று வண்ணக்கரிடம் ஒரு வார்த்தை போதும், அவர் கோயிலில் சொன்னால் ஊர் கேட்கும். நாளைக்குச் சொல்லுவோம் என்று தள்ளினேன். பெரிய பள்ளிக்கூடத்துக்கு அவள் போனதும், இனி மறந்துவிடுவாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பிறகு சண்டை திரும்பவும் வந்தது. வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில் இருந்து சனம் மூட்டை முடிச்சோடு இந்தக் கரைக்கு வந்து சேர்ந்தது. எங்கள் முன்பள்ளியிலும் பதினைந்து குடும்பம் படுத்தது. செல் குண்டு போகும் சத்தம் கேட்கும்போது பிள்ளைகளின் காதைப் பொத்துவதா, பழைய தோரணத்தைப் பற்றிப் பேசுவதா என்று கேட்டேன். கேட்டது என்னைத்தான், பதில் சொன்னதும் நான்தான். பெரிய துன்பத்துக்குப் பின்னால் சின்னப் பொய்யை ஒளிப்பது எவ்வளவு சுகம்! வண்ணக்கரும் அந்தக் காலத்தில் காலமாகிவிட்டார். செய்தி கேட்டு அழுதேன். அழுகைக்குள்ளே ஒரு நிம்மதியும் இருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

போர் முடிந்தது. முடிந்த வருடம் ஒளிய இடமில்லாமல் போனது. என் மகளுக்கு அப்போது மூன்று வயது. அந்த வருட விஜயதசமிக்கு அவளுக்கு ஏடு தொடக்குவதாக இருந்தோம். தாம்பாளத்தில் அரிசியைப் பரப்பி, பிள்ளையின் விரலைப் பிடித்து முதல் எழுத்தை எழுதுவிப்பது. அதற்கு முதல் நாள் பின்நேரம் மகளை அடக்கி வைக்க ஒரு அட்டையையும் கொஞ்சம் பருப்பையும் பசையையும் கொடுத்து விறாந்தையில் இருத்தினேன். நான் வாசலுக்குத் தோரணம் பின்னிக்கொண்டிருந்தேன். இந்த நாலு வருடத்தில் சரியாகப் பின்னப் பழகியிருந்தேன், ஒருவருக்கும் தெரியாமல்.

அவள் வந்தாள். பத்து வயது, இரட்டைப் பின்னல், கையில் சின்னம்மா கொடுத்துவிட்ட வாழையிலைக் கட்டு. கட்டைத் தூணோடு சாத்தி வைத்துவிட்டு நின்றாள். மகளுக்கு அவளைப் பிடிக்கும்.

"அக்கா, நீயும் ஒட்டு" என்று பருப்பை நீட்டினாள்.

அவள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"நான் தொடக்கூடா தங்கச்சி. நாளைக்கு உனக்கு ஏடு தொடக்கிறல்லோ. என்ட கை கூடாது."

தடிமன் பிடித்திருக்கிறது, கிட்ட வராதே என்று சொல்வோமே, அந்தக் குரலில்தான் சொன்னாள். கவலையாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். ஓலையைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பிடித்துப் பக்கத்தில் இருத்தினேன்.

"இஞ்ச பார். உன்ட கையில ஒரு பிழையும் இல்ல. திறப்பு விழாவில அந்தத் தோரணம், அத நான்தான் பிழையாக் காட்டித் தந்தன். எனக்குப் பின்னத் தெரியாது. சுடலை ஒழுங்கையில கட்டினத அறுத்துக்கொண்டு வந்து பாத்துப் பழகினன். பயத்தில உன்னச் சொல்லிட்டன்."

அவள் இரண்டு கையையும் மடிக்குள் ஒளித்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"குருவி ஏன் கீழ பாக்குது எண்டு நீ கேட்டாய். இரை பொறுக்குது எண்டு சொன்னன். ஞாபகம் இருக்கா?"

"இல்ல டீச்சர்."

"நல்லா யோசிச்சுப் பார் மனே."

"நீங்க மேல பாக்கத்தான் காட்டின டீச்சர். எனக்கு நல்ல ஞாபகம்." அவள் முன்னால் கிடந்த ஓலையைத் தொடாமல், விரலை மட்டும் நீட்டிக் காட்டினாள். "இப்பிடி மடிச்சு, இப்பிடி மேல. நான் அண்டைக்கு அம்மாவ நினைச்சிட்டு இருந்தன். அதுலதான் கை கீழ போயிட்டு."

நான் சொன்ன பொய்க்குப் பிள்ளை ஒரு காரணம் தேடியிருக்கிறது. நாலு வருடம் தேடி, தாயை நினைத்ததுதான் குற்றம் என்று கண்டுபிடித்து வைத்திருக்கிறது. நான் இல்லை, இல்லை என்று சொல்லிக்கொண்டே அழுதேன். அவள்தான் என் தோளைத் தட்டினாள்.

"அழாதீங்க டீச்சர். எனக்கு விளங்குது. நீங்க என்னில பாவம் பாத்துச் சொல்றீங்க."

பிள்ளையிடம் சொல்லிப் பயனில்லை என்று அன்று மாலையே சின்னம்மாவிடம் போனேன். அவள் முற்றத்தில் நெல் அள்ளிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன், சேலைத் தலைப்புக்குள் மறைத்துக் கொண்டு வந்தது வரைக்கும். அவள் கடகத்தைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்தாள்.

"என்ன டீச்சர், அவளுக்காக இப்பிடிப் பழியத் தூக்கித் தலையில போடுறீங்க. பெத்தவள்கூட இப்பிடிச் செய்வாளோ தெரியாது."

"நான் சத்தியமாச் சொல்றன்."

"சத்தியம் பண்ணாதீங்க. உங்களுக்கும் ஒரு பிள்ளை இருக்கு."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். பாவத்தை இறக்கி வைக்கப் போன இடத்தில் எனக்குப் புண்ணியம் கட்டித் தந்தார்கள். சின்னம்மா அயலுக்கெல்லாம் சொன்னாள். ஆதரவற்ற பிள்ளையின் மனம் நோகக்கூடாது என்று தன்மேல் பழி போட்டுக்கொண்ட டீச்சர் என்று ஊரில் எனக்கு இன்றைக்கும் நல்ல பெயர். பிறகு இரண்டு மூன்று பேரிடம் திரும்பவும் சொல்லிப் பார்த்தேன். ஒவ்வொரு தரமும் பெயர் இன்னும் கூடியது.

ஆனால் இவ்வளவு நாளும் ஒருவரிடமும் சொல்லாத ஒன்று இருக்கிறது. அன்று மாலை நான் புறப்படும்போது சின்னம்மா படலை வரைக்கும் வந்தாள்.

"நாளைக்கு நான் மட்டும்தான் வருவன் டீச்சர். அவள அனுப்ப மாட்டன். உங்கட பிள்ளைக்கு நல்ல நாள்."

இல்லை, அவளைத்தான் முதலில் அனுப்ப வேண்டும், என் மகளின் விரலை அவள்தான் பிடித்து எழுதுவிக்க வேண்டும் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். ஊர் பார்க்க அப்படிச் செய்திருந்தால், என் வாய் ஆயிரம் தரம் சொல்லியும் நம்பாததை அந்த ஒரு காரியம் நம்பவைத்திருக்கும். வாயைத் திறந்தேன்.

"சரி" என்றேன்.

அவள் கையில் ஒரு குறையும் இல்லை என்பதை இந்த உலகத்தில் நிச்சயமாக அறிந்தவள் நான் ஒருத்திதான். அந்தக் கதையைக் கட்டியவளே நான். அப்படியிருந்தும் வீட்டுக்கு நடந்து வரும்போது, நல்ல காலம் அவள் வரமாட்டாள் என்று என் நெஞ்சு ஆறியது.